ஃப்ரீசரில் ஒரு டப்பா பொடிக்கீரை

1

போன மாதம் நான் குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை வெளியே எடுத்தேன். மேடம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அதிலிருந்துதான் இதை எழுதத் தோன்றியது.

நான் சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறேன். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சமையல், துணி, வீடு துடைப்பது, மேடத்தின் மாமியாரைக் குளிப்பாட்டி உட்கார வைப்பது. சொந்த ஊர் திருச்சி, அரியமங்கலம். எட்டாவதோடு ஸ்கூலை விட்டுவிட்டேன். எழுதிப் பழக்கம் இல்லாதவள் எழுதுவது. அப்படி நினைத்துப் படியுங்கள்.

மேடமும் தமிழ்தான். அவர்கள் தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம். மேடத்தின் மகளுக்குப் பத்து வயது. நான் "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டால் அதற்குப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். ஒரு தடவை அது தமிழில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. "செல்வி, பசிக்குது." அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த டப்பாவில் இருந்தது முள்ளங்கி விதையில் வளர்த்த சின்னக் கீரை. ஃப்ரிட்ஜைச் சுத்தம் பண்ணும்போது மேடம் அதைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் தொட்டியில் போட்டார்கள்.

"ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு செல்வி. ஸ்மெல் வருது பாரு."

நான் போய் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்துத் துடைத்துத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கப் போனேன்.

"என்ன பண்ற நீ? கெட்டுப்போனதை உள்ள வெச்சா பக்கத்துல இருக்கிறதும் கெட்டுப்போகும்ல."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பாப்பாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

2

இந்தக் கீரைக்கு இங்கே மைக்ரோகிரீன்ஸ் என்று பெயர். என் தம்பி சரவணன் அதற்குப் பொடிக்கீரை என்று பெயர் வைத்தான். எனக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது.

நான் இங்கே வந்த புதிதில் சமையலறை ஜன்னல் ஓரம் நாலைந்து தட்டுகளில் பச்சைப் பசேல் என்று என்னமோ நின்றது. முதல் நாள் அதைப் பூஜைக்கு என்று நினைத்துக் கும்பிட்டேன். மேடம் சிரித்து, வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். விதையை ஒரு ராத்திரி ஊற வைக்க வேண்டும். ஓட்டை போட்ட தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மண் பரப்பி, விதையை நெருக்கமாகத் தூவி, இரண்டு மூன்று நாள் மூடி வைக்க வேண்டும். முளைத்து எழுந்ததும் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஏழெட்டு நாளில் இரண்டு இலை விரியும். வேருக்கு மேலே கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதை வீடியோ காலில் சரவணனிடம் காட்டினேன். அவன் அரியமங்கலத்திலேயே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். இருபத்தியொரு வயது. எது பார்த்தாலும் தானும் செய்து பார்க்க வேண்டும் அவனுக்கு.

"இது நம்ம முளைகட்டுன பயறு தானக்கா?"

"முளைகட்டுனதை வேரோட திங்கிறோம். இதை இலை வந்தப்புறம் வெட்டித் திங்கணும்டா."

"அவ்ளோதானா? வெந்தயத்துக்கு இவ்ளோ பில்டப்பா?"

மறுநாளே பிரியாணி பார்சல் வாங்கின டப்பாவில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டு வெந்தயம் விதைத்துவிட்டான். பத்து நாளில் எங்கள் வீட்டு ஜன்னலில் மூன்று டப்பா. வெந்தயம், கடுகு, பச்சைப்பயறு.

எங்கள் அம்மா கீரை விற்கிறவள். விடியற்காலையில் காந்தி மார்க்கெட் போய் எடுத்து வந்து, அரியமங்கலத்தில் ஒரு தெரு முனையில் உட்கார்ந்து விற்பாள். அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி. அப்பா இல்லாமல் எங்கள் இரண்டு பேரையும் கீரைக்கட்டு விற்றே வளர்த்தாள். அவள் அந்த டப்பாக்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் ஒரு கட்டு குடுத்தா ஒரு குடும்பமே சாப்பிடும். நீ வளக்குறது காக்காவுக்குப் பத்தாதுடா."

"இது ஸ்டைல்மா. உனக்குத் தெரியாது."

"பச்சையாத் திங்கிறியே, மாடா நீ?"

அவன் நான் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தான். நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் சொல்கிறேன். கடுகுக்கீரை காரமாக இருக்கும், முட்டை ஆம்லேட்டில் மேலே தூவினால் போதும், மிளகு வேண்டாம். பச்சைப்பயறு கீரை கொஞ்சம் தடிமனாக இருக்கும், அதை மட்டும் தேங்காய் போட்டு ஒரு நிமிஷம் வதக்கலாம். வெந்தயக்கீரை லேசாகக் கசக்கும், தயிர்ப்பச்சடிக்கு நல்லது. தோசை வெந்து திருப்பிப் போடாமல் எடுக்கும்போது மேலே போட்டு மடித்தால் இன்னும் நல்லது. பருப்பிலோ ரசத்திலோ போடுவதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு போட வேண்டும். கொதிக்க விட்டால் ஒன்றும் மிஞ்சாது.

அம்மா கேலி பேசினாலும், அவன் தோசையில் போட்டுக் கொடுத்தால் தின்பாள். தின்றுவிட்டு "புல்லு பரவாயில்ல" என்பாள்.

3

அம்மாவுக்கும் அவனுக்கும் சண்டை வந்தது வெட்டியதை எடுத்து வைப்பதில்தான்.

கீரை விற்கிறவர்கள் கீரையை ஈரச் சாக்கில் சுற்றுவார்கள். அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் தெளிப்பார்கள். அம்மாவுக்கு அது கை தானாகச் செய்கிற வேலை. சரவணன் வெட்டி டப்பாவில் வைத்த பொடிக்கீரை மேலே அவள் போகிற போக்கில் தண்ணீர் தெளித்துவிட்டாள். மறுநாள் பார்த்தால் கொழகொழவென்று ஆகிவிட்டது. அவன் எனக்கு போன் போட்டுக் கத்தினான்.

"உங்கம்மா என் கீரையக் கொன்னுட்டாங்கக்கா."

அம்மா பின்னாலிருந்து, "கீரைக்குத் தண்ணி தெளிக்கக் கூடாதாம். முப்பது வருஷமா நான் என்ன பண்ணேன் அப்ப?"

நான்தான் நடுவில் பஞ்சாயத்து. பொடிக்கீரைக்கு ஈரம் ஆகாது. காலையில் தண்ணீர் ஊற்றும் முன்னால், காய்ந்திருக்கும்போதே வெட்ட வேண்டும். கழுவக் கூடாது, தின்னும்போதுதான் கழுவ வேண்டும். டப்பாவின் அடியில் ஒரு டிஷ்யூ பேப்பர், கீரையை அமுக்காமல் போட்டு, மேலே ஒரு பேப்பர். ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வைக்க வேண்டும். பேப்பர் நனைந்தால் மாற்ற வேண்டும். இப்படி வைத்தால் ஐந்து நாள் இருக்கும், ஏழு நாளும் இருக்கும். அதற்கு மேல் தாங்காது.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள். "கீரைக்கு மெத்தை போட்டுப் படுக்க வெக்கிறீங்க ரெண்டு பேரும்."

4

நான் வந்து ஆறாவது மாதம். ஒரு திங்கட்கிழமை. சரவணன் வேலை முடிந்து வண்டியில் வரும்போது தஞ்சாவூர் ரோட்டில் லாரி இடித்துவிட்டது. ஆஸ்பத்திரி போகும் முன்பே முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் சித்தப்பா போன் செய்தார். ஆஸ்பத்திரியில் அறுத்து உடலை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். பின்னால் அம்மா அழுகிற சத்தம் கேட்டது.

"ஃப்ரீசர் பாக்ஸ் சொல்லியிருக்கேன்மா. உங்கம்மா நீ வரணும்னு சொல்றா. ரெண்டு நாள் வெச்சிருக்கலாம். வந்துடுவியா?"

நான் ஏஜென்ட் ஆபீசுக்குப் போனேன். மேடமும் கூட வந்தார்கள். அங்கே ஒரு பெண் ஃபாரம் கொடுத்தாள். இறந்தவர் பெயர், உறவு, சான்றிதழ். "டெத் சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டாள். நேற்று செத்தவனுக்கு இன்றைக்கு யார் சர்டிபிகேட் கொடுப்பார்கள். எனக்கு இங்கிலீஷில் அதைச் சொல்லத் தெரியவில்லை. மேடம் என்னமோ பேசினார்கள். ஆபீஸ் வேலை முடிய இரண்டு நாளாவது ஆகும் என்றாள். பிறகு டிக்கெட்.

மேடம், "நான் திரும்பக் கேக்குறேன், நீ போயிடலாம்" என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். மூன்றாவது நாளாவது போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவனைப் பார்க்கப் பயம். பார்க்காமல் இருந்தால் அவன் பட்டறையில்தான் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு புத்தி.

ஆபீஸ் வாசலில் நின்று சித்தப்பாவுக்கு போன் செய்தேன்.

"எடுத்துடுங்க சித்தப்பா. எனக்கு லீவு கிடைக்கல."

அன்று சாயங்காலம் ஓயாமரி சுடுகாட்டில் எரித்தார்கள். வீடியோவில் காட்டுகிறேன் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன்.

5

நாலாவது நாள் அம்மா போனில் கூப்பிட்டாள். அழவில்லை. குரல் வற்றிப்போய் இருந்தது.

"செல்வி, பால் வெக்க ஃப்ரிட்ஜைத் தொறந்தேன்டி. அவன் டப்பா இருக்கு. வெந்தயம். ஞாயித்துக்கிழமை காலைல வெட்டி வெச்சிருக்கான்."

"ம்."

"பேப்பர் ஈரமாயிருக்கு. மாத்தவா?"

"மாத்தும்மா."

அதற்கப்புறம் தினமும் அவள் அதைத்தான் பேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் பேப்பர் மாற்றினேன் என்பாள். நானும் அதையே கேட்டேன். எனக்கும் வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஆறாவது நாள், "ஓரத்துல மஞ்சளடிக்குதுடி" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. அது அழுகிப்போய்விட்டால் அம்மா என்ன ஆவாள் என்று நினைத்து நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஃப்ரீசர்ல வெச்சிடும்மா. அங்க வெச்சா அப்படியே இருக்கும். எத்தனை நாளானாலும் பச்சை மாறாது."

பொடிக்கீரையை ஃப்ரீசரில் வைத்தால் கெடாது, அது நிஜம். ஆனால் அப்படியே இருக்காது. ஐஸ் விட்டதும் துவண்டு தண்ணீராகப் போகும். நேராகச் சூடான பருப்பில் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தை அம்மாவை வீட்டில் கட்டிப் போட்டுவிட்டது. காலையில் மார்க்கெட் போய் வந்து கீரை விற்பாள், மற்ற நேரம் வீட்டை விட்டு எங்கேயும் போக மாட்டாள். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு மணப்பாறை போகவில்லை. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் எடுப்பார்களே, அன்றைக்கு வியாபாரத்தையே விட்டுவிட்டு, மீன்காரரிடம் தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வாங்கி வந்து டப்பாவை அதற்குள் புதைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

இதெல்லாம் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"உங்கம்மா ஃப்ரிட்ஜுக்கு வாட்ச்மேன் வேலை பாக்குறாடி. கண்ணு ஆபரேஷனுக்கு மூணு தடவ தேதி குடுத்தாங்க. ரெண்டு நாள் ஆஸ்பத்திரில தங்கணுமாம். போகல. இடது கண்ணு சுத்தமாத் தெரியல அவளுக்கு. கீரைல புழு இருக்கான்னு நான்தான் பாத்துத் தர்றேன்."

நான் கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்படியே ஒரு வருடம் போய்விட்டது.

6

மேடம் டப்பாவைத் தூக்கிப்போட்ட அதே வாரம் சித்தி திரும்பவும் கூப்பிட்டாள். சரவணனுக்கு முதல் வருடத் திதி. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் ஐயரிடம் சொல்லியாயிற்று. சித்தப்பாதான் செய்கிறார். ஆனால் அன்றைக்குத்தான் கரண்ட் எடுக்கிறார்கள், அம்மா வர மாட்டேன் என்கிறாள்.

"பெத்தவ அவன் திதிக்கு வரலேன்னா எப்படிடி? நீ சொன்னாத்தான் கேப்பா."

மறுநாள் மத்தியானம் இந்த வீட்டுப் பாட்டியைத் தூங்க வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். தெரு முனையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனைப் பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"அந்த டப்பாவுல இருக்கிறது வெளிய எடுத்தா தண்ணியாப் போயிடும்மா. பச்சை மாறாதுன்னு நான் பொய் சொன்னேன். நீ அழுதியேன்னு அப்படிச் சொல்லிட்டேன். அதுக்காக நீ வீட்லயே உக்காந்திருக்க வேண்டாம்மா."

அம்மா ஒரு கட்டு சிறுகீரையை எடுத்து உதறி, தண்ணீர் தெளித்து, திரும்ப வைத்தாள்.

"எனக்குத் தெரியாதாடி? முப்பது வருஷமாக் கீரை விக்கிறேன். வெட்டுன கீரை எத்தனை நாள் நிக்கும்னு எனக்கு நீ சொல்லணுமா?"

"பின்ன ஏம்மா வெச்சிருக்க?"

"உனக்குத்தான்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"பொட்டியில வெச்சிருந்தாங்க அவனை. நீ வர்ற வரைக்கும் வெப்போம்னு நான் பொட்டிக் கால்மாட்டைப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். உங்க சித்தப்பா வந்து, அவ வரலயாம், எடுத்துடலாம்னு சொல்லிட்டாரு. நீ அவன் முகத்தைப் பாக்கல. அவனைத்தான் உனக்கு வெக்க முடியல. அவன் கையால வெட்டுனது, இதையாவது நீ வர்ற வரைக்கும் வெச்சிருப்போம்னு வெச்சேன். தண்ணியாப் போனாப் போவுது. நீ ஒரு தடவ பாத்தாப் போதும்."

லீவு கிடைக்கவில்லை என்பது பொய் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். பயந்துகொண்டு வரவில்லை என்று சொன்னேன். கீரை வாங்க யாரோ வந்து நின்றார்கள். "இரும்மா" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதுவும் தெரியும்டி. சின்ன வயசுல உங்கப்பாவத் தூக்குறப்பயும் நீ பக்கத்து வீட்டுல போய் ஒளிஞ்சுக்கிட்ட."

திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

7

திதி அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு அம்மா வீடியோவில் வந்தாள். இங்கே எட்டரை. மேடத்திடம் கேட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன்.

அம்மா ஃப்ரீசரைத் திறந்து டப்பாவை எடுத்து போனுக்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள். அதே பிரியாணி டப்பா. மூடியில் எண்ணெய்க் கறை. திறந்தாள். பேப்பருக்கு நடுவில் கொஞ்சூண்டு வெந்தயக்கீரை, வெள்ளையாக உறைபனி படிந்து கிடந்தது. ஒரு கைப்பிடி கூட இருக்காது. தண்டெல்லாம் ஒரே அளவுக்கு, நேராக வெட்டியிருந்தான். லேத் வேலை செய்கிறவன் கை.

"பாத்தியா?"

"பாத்தேன்மா."

"நல்லாப் பாத்துக்க."

பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் எப்படி அழுதிருப்பேனோ அப்படி அழுதேன். அம்மா போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். அடுப்பில் துவரம்பருப்பு வெந்திருந்தது. தாளித்துக் கொட்டினாள்.

"ஐஸ் விட விடாதம்மா. அடுப்பை அணைச்சிட்டு அப்படியே போடு."

"எனக்குச் சொல்லித் தர்றியா நீ?"

போட்டாள். ஒரு கிண்டு கிண்டி மூடினாள். பிறகு சித்தி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனாள். காவேரியில் தண்ணீர் நிறையப் போகிறது என்று சித்தி ஒரு போட்டோ அனுப்பினாள். அம்மா நனைந்த சேலையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வருடத்தில் அவளை வீட்டுக்கும் தெரு முனைக்கும் வெளியே நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள். படைத்து முடித்துவிட்டாளாம்.

"காக்கா வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. ரெண்டு. காக்காவுக்குப் பத்தாதுன்னு சொல்லுவேன்ல அவன்கிட்ட. பத்துச்சுடி."

பிறகு அவளே சொன்னாள்.

"வர்ற வியாழக்கிழமை கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போறேன். சித்தி கூட வர்றா. உனக்கு ரெண்டு கரண்டி பருப்பு எடுத்து வெச்சிருக்கேன்."

"எங்க?"

"ஃப்ரீசர்ல."

"அம்மா, இன்னிக்குக் கரண்ட் இல்லையே."

"பெட்டியில ஐஸ் போட்டு வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரி போறப்ப சித்தி வீட்டு ஃப்ரிட்ஜுல குடுத்துட்டுப் போவேன்."

எத்தனை நாள் தாங்கும் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கீரை போட்ட பருப்பு ஃப்ரீசரில் மூன்று மாதம் வரை இருக்கும். என் லீவுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

அன்று சாயங்காலம் மேடத்திடம் போய் முன்னாலேயே லீவு வேண்டும் என்று கேட்டேன். குப்பைத்தொட்டி டப்பாவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் காலண்டரை எடுத்துப் பார்த்தார்கள். பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும், இரண்டு மாதம் ஆகும், பரவாயில்லையா என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன்.

அதே ஏஜென்ட் ஆபீஸ், அதே ஃபாரம். எனக்காக மேடமே எழுதினார்கள். காரணம் என்ற கட்டத்தில் ஃபேமிலி விசிட் என்று போட்டார்கள். சாப்பிடப் போகிறேன் என்று எழுதச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சொல்லவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.